அளவுச் சங்கிலியோடு இறங்கியவர்கள்

சேலத்திலும் நாமக்கல்லிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலுமாக இருக்கும் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடி, படித்தவற்றைப் பேசிக்கொள்வது வழக்கம். கடந்த சில மாதங்களாக அறிவியல் புனைகதைகளை, அவற்றிலும் குறிப்பாக வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பையும் அதற்கு மனிதர் காட்டும் எதிர்ப்பையும் சொல்லும் நாவல்களை வரிசையாக வாசித்து வந்தோம். ஒருநாள் கூட்டம் முடியும் நேரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "இவர்கள் எப்போது பார்த்தாலும் லண்டனிலும் நியூயார்க்கிலும்தான் இறங்க வேண்டுமா? ஓமலூரில் இறங்கினால் ஆகாதா? இராசிபுரத்தில் இடமா இல்லை?"

சிரித்துவிட்டுக் கலைந்தோம். ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தக் கேலிக்குள் வலுவான ஓர் இலக்கியக் கேள்வி இருப்பதாகவே பட்டது. தமிழில் அறிவியல் புனைகதைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. இருந்தும், அயல்கோளிலிருந்து வந்து மண்ணைப் பிடிப்பவர்களையும் அவர்களை எதிர்த்து நிற்கும் மக்களையும் மையமாகக் கொண்டு, வாசகர் நெஞ்சில் நிலைத்துவிட்ட தமிழ் நாவல் எதையும் எங்களால் சுட்ட முடியவில்லை.

இதற்குக் கற்பனை வறட்சி என்றும் அறிவியல் பயிற்சிக் குறைவு என்றும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் கட்சி இது: இந்த நாவல் வடிவம், பிறர் மண்ணைப் பிடித்தவன் கண்ட கெட்ட கனவாகப் பிறந்தது. மண்ணைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கனவை அப்படியே இரவல் வாங்கினால் அது ஒட்டாது. பறிகொடுத்தவர்களின் நினைவிலிருந்து எழுதினால் வேறொரு நாவல் கிடைக்கும். அதற்கு வேண்டிய பொருள் இந்தச் சமவெளியிலேயே கிடக்கிறது.

*

1871இல் 'பிளாக்வுட்ஸ்' என்ற ஆங்கில இதழில் 'டார்க்கிங் போர்' என்றொரு கதை வெளிவந்தது. ஜெர்மன் மொழி பேசும் அந்நியப் படை இங்கிலாந்தில் இறங்கி, அதை வென்றுவிடுவதாகக் கற்பனை. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி. வங்காளப் பொறியாளர் படையின் அதிகாரி. 1857இல் தில்லி முற்றுகையில் காயம்பட்டவர். இந்தியாவின் பொதுப்பணிகளுக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதற்காக இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் முதல் தலைவர். நம் நாட்டை ஆள வந்த ஒரு மனிதர், தம் நாடு பிறரால் ஆளப்பட்டால் எப்படியிருக்கும் என்று அஞ்சி எழுதிய அந்தக் கதையைப் பின்பற்றிப் படையெடுப்புக் கதைகள் ஏராளமாகப் பெருகின.

அந்த வரிசையில்தான் 1898இல் எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நூலாக வந்தது. இம்முறை எதிரி செவ்வாயிலிருந்து வந்தான். வெல்ஸின் நேர்மையை இங்கே குறிப்பிட வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியக் குடியேறிகளால் டாஸ்மேனியப் பழங்குடிகள் அழிந்துபோனதை அவர் நினைவூட்டிவிடுகிறார். அவர்களுக்கு நாம் செய்ததைச் செவ்வாய்வாசிகள் நமக்குச் செய்தால் முறையிட முடியுமா என்பதே அந்த நாவலின் அடிக்கேள்வி. எனினும் கதை நகர நகர அந்தக் கேள்வி மங்கி, வெப்பக்கதிரும் முக்காலி இயந்திரங்களும் எரியும் ஊர்களும் முன்னே வந்துவிடுகின்றன. பின்னால் வந்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது இந்த எரியும் ஊர்களை மட்டுமே. நெருப்போடு வருபவனை இன்னும் பெரிய நெருப்பால் வெல்வது என்பதே எதிர்ப்புக்கு இலக்கணமாகிப் போயிற்று.

வெல்ஸின் முடிவையும் நாம் அறிவோம். மனிதரின் பீரங்கிகளால் முடியாததைக் கிருமிகள் முடித்துவைக்கின்றன. நடந்த வரலாற்றில் கிருமிகள் இப்படி நியாயத்தின் பக்கம் நின்றதாகச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கண்டங்களில் பெரியம்மை வந்தவர்களோடு வந்து, இருந்தவர்களைக் கொன்றது.

*

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் பகுதியையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகத்தை ஏற்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்கள் மூவர்: மன்றோ, கிரஹாம், மெக்லியாட். நால்வரும் படை அதிகாரிகள். ஆனால் இந்தச் சமவெளியில் அவர்கள் கையில் எடுத்த முதன்மையான கருவி துப்பாக்கி இல்லை. நிலம் அளக்கும் சங்கிலி.

வயல் வயலாக அளந்தார்கள். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்து எழுதினார்கள். எது யாருடையது, எவ்வளவு விளையும், எவ்வளவு தீர்வை தாங்கும் என்று கணக்கிட்டார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறைக்கு முதல் சோதனைக்களம் இந்த நிலமே. விரித்த புத்தகத்தில் ஊர்களை வரியாக மாற்றி எழுதிக்கொண்டபின் கோட்டைகளை இடிக்க வேண்டிய தேவையே அநேகமாக இல்லாமல் போயிற்று.

இதற்கு நெருங்கிய நாவல் வெல்ஸுடையது அன்று, ஆர்தர் சி. கிளார்க் 1953இல் எழுதிய 'குழந்தைமையின் முடிவு' என்பதே எங்கள் எண்ணம். அதில் மேலாளர்கள் எனப்படும் அயலவர் பெரும் கப்பல்களில் வந்து நகரங்களின் மேலே நிற்கிறார்கள். யுத்தத்தை நிறுத்துகிறார்கள். கொடுமைகளைத் தடுக்கிறார்கள். அவர்களின் தலைவன் கரெல்லன் கனிவானவன், அறிவாளி. மனிதர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் தம் எதிர்காலத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமை மெல்ல மெல்ல அவர்களிடமிருந்து போய்விடுகிறது.

எங்கள் வட்டாரத்தின் கரெல்லன் என்று தாமஸ் மன்றோவைச் சொல்லலாம். அன்று சேலத்தோடு சேர்ந்திருந்த தருமபுரியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். குடியானவரின் குறை கேட்டவர், உள்ளூர் மொழிகளைக் கற்றவர் என்று பெயர் பெற்றவர். 1820 முதல் சென்னை மாகாண ஆளுநர். 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். வெல்ஸின் செவ்வாய்வாசிகளைப் போலவே அவரையும் ஒரு கிருமிதான் கொன்றது. ஆனால் நாவலில் கிருமியோடு படையெடுப்பு முடிந்துவிடுகிறது. இங்கே அடுத்த ஆளுநர் வந்தார். நிலக்கணக்குப் புத்தகத்துக்குக் காலரா வருவதில்லை. மன்றோவுக்குச் சென்னையில் குதிரைமேல் அமர்ந்த சிலையும் எழுந்தது.

கனிவான ஆட்சியின் மறுபக்கம் 1876-78 பெரும் பஞ்சத்தில் தெரிந்தது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்திருந்தது. வெப்பக்கதிர் எதுவும் வீசப்படவில்லை. மழை பொய்த்தது, விலை ஏறியது, நிவாரணத்தை அளந்து அளந்து கொடுத்தார்கள்.

*

எதிர்ப்பு இல்லாமலா போயிற்று? சங்ககிரி மலைக்கோட்டை அதற்குச் சாட்சி. கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் அங்கேதான் தூக்கிலிடப்பட்டார். இன்றும் ஆடிப்பெருக்கு நாளில் அவர் நினைவுக்கு மரியாதை செலுத்த அங்கே மக்கள் கூடுகிறார்கள். களத்தில் பிடிக்க முடியாத அவரை, உடனிருந்த சமையல்காரனே காட்டிக்கொடுத்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்தச் செய்தியில் படையெடுப்பு நாவலுக்கான பெரிய பாடம் இருக்கிறது. எந்தப் படையெடுப்பும் உள்ளூர்க் கைகள் இல்லாமல் நிலைப்பதில்லை. துபாஷிகள் இல்லாமல் கம்பெனி பேசியிருக்க முடியாது. கணக்குப்பிள்ளைகள் இல்லாமல் எழுதியிருக்க முடியாது. ஊர்ச் சிப்பாய்கள் இல்லாமல் சண்டையிட்டிருக்க முடியாது. வெல்ஸ் இதையும் தொட்டார். அவர் நாவலில் வரும் பீரங்கிப்படை வீரன், செவ்வாய்வாசிகள் சில மனிதர்களைச் செல்லப்பிராணிகளாக வளர்ப்பார்கள், மற்ற மனிதர்களை வேட்டையாடவும் பழக்குவார்கள் என்கிறான். வெல்ஸ் அந்த நூலை அங்கேயே விட்டுவிட்டார். அதைப் பிடித்து முழுதாக நெய்தவர் ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர். 1987இல் வந்த 'விடியல்' நாவலில், அணுப்போரில் அழிந்த உலகிலிருந்து எஞ்சியவர்களை ஒங்காலி என்ற அயலினம் காப்பாற்றுகிறது. விலையாகத் தங்களோடு மரபணுக் கலப்பைக் கேட்கிறது. மற்ற மனிதர்களைப் பழக்கும் பொறுப்பு லிலித் என்ற பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் துரோகியா, தாயா, கைதியா? அடிமைகளின் வழிவந்த ஒருவரால்தான் அந்தக் கேள்வியை அவ்வளவு வலியோடு கேட்க முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஆயுதமில்லாத எதிர்ப்பும் எங்கள் நிலத்துக்கு உரியது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கே நடந்தவை நூற்பும் கதரும் மதுவிலக்குப் பிரசாரமும். 1930இல் அதே ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது தொண்டர்கள் பாடிச்சென்ற பாட்டை எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. போரையே புதிதாக வரையறுத்த பாட்டு அது.

நாங்கள் படித்த படையெடுப்பு நாவல்களில் இப்படியோர் எதிர்ப்பு மிக அரிது. அயலவனின் கப்பலைத் தகர்ப்பவன் இருக்கிறான். அவன் கொடுக்கும் துணியை உடுக்க மாட்டேன் என்பவள் இல்லை. அவன் விதித்த வரியுள்ள உப்பைத் தொடாமல் கடற்கரையில் குனிந்து தானே அள்ளுபவன் இல்லை. ஒத்துழைக்க மறுப்பது கதைக்கு உதவாது, விறுவிறுப்பு இருக்காது என்பார்கள். ஒரு பேரரசையே கலங்க வைத்த செயலில் விறுவிறுப்பு இல்லையென்றால் குறை கதைசொல்லியிடம்தான்.

*

தமிழ்க் கற்பனையில் அயலவர் வராமல் இல்லை. 1963இல் வந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். விஞ்ஞானத்தில் முன்னேறியும் கலையில் பின்தங்கிவிட்ட அவர்கள், பானுமதி ஏற்ற பாத்திரத்தைத் தூக்கிச் செல்கிறார்கள், இசை கற்றுக்கொள்ள! எம்.ஜி.ஆர். போய் மீட்டு வருகிறார். சிரிக்கத் தோன்றினாலும், அயலவனுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு உலகத்தில் வேறெவரும் எளிதில் சொல்லாத பதில் அது. அதற்கும் முன்பே, 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து தயாரித்த 'காடு' படத்தில், அழிந்துபோன ரோம யானைகள் உயிரோடு வந்தன. ஏற்காடு சாலையில் இன்று அந்த நிறுவனத்தின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம், தமிழின் முதல் அறிவியல் கற்பனைகளில் ஒன்றைக் கண்ட ஊர் எங்களுடையது என்ற பெருமிதம் எங்களுக்கு உண்டு.

எழுத்தில் சுஜாதா எதிர்ப்பை எழுதினார். படையெடுப்பை எழுதாமலே எழுதினார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் அயலவர் யாரும் இல்லை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. மக்களின் பெயர் எத்தனை எழுத்து இருக்கலாம், குழந்தை எப்போது பெறலாம் என்பதெல்லாம் அரசின் அனுமதி. எதிர்த்து நிற்பவர்கள் நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும். ஜீவா ஒரு வெறும் பிம்பம் என்பதும், உடன் நின்ற போராளிகளே அடுத்த ஆட்சியாளர்கள் என்பதும் பின்னால் தெரியவருகின்றன. எதிரி வானத்திலிருந்து வர வேண்டியதில்லை என்று சுஜாதா முடிவு செய்திருந்தார்.

இந்தியக் கற்பனையின் பொதுப்போக்கும் அதுதான். சத்யஜித் ராய் 1962இல் எழுதிய 'பாங்குபாபுவின் நண்பன்' கதையில் வரும் அயலவன் சாந்தமானவன். 2024இல் வெளியான 'அயலான்' படத்திலும் வேற்றுக்கிரகவாசி நண்பன், எதிரி மனிதனே. ஜயந்த் நார்ளீகர் மராத்தியில் எழுதிய நாவலில் மட்டும், புராதன அயல் நாகரிகம் ஒன்றின் எச்சத்தால் ஆபத்து வருகிறது. அந்த ஆபத்துக்கு அவர் சூட்டிய பெயர் வாமனன். மூவடி மண் கேட்டு, உலகையே அளந்துகொண்டவன் கதையைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அளக்க வருபவன் அள்ளிக்கொண்டு போவான் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். எங்கள் கூட்டத்திலேயே எழுந்தன.

முதலாவது: அயலவன் என்பவன் முகமூடி போட்ட வெள்ளைக்காரன் மட்டும்தானா? அப்படியானால் வரலாற்று நாவலே போதுமே, விண்கப்பல் எதற்கு? நியாயமான கேள்வி. ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய 'சோலாரிஸ்' நாவலில் வரும் கடல் படையெடுப்பதும் இல்லை, நட்புக் கொள்வதும் இல்லை. மனித அறிவுக்கு அது கடைசிவரை பிடிபடவே இல்லை. அந்தப் புதிரை இழந்தால் அறிவியல் புனைகதை வெறும் உருவகமாகச் சுருங்கிவிடும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணைத் தாயென்று கும்பிட்டவனுக்கு, அதை எண்களாக்கிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டுபோன மனம் எவ்வளவு புரியாததாக இருந்திருக்கும்! நம் பாட்டன்மாருக்கு அந்தக் கணக்குப் புத்தகமே ஒரு சோலாரிஸ்தான்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: படையெடுப்புக் கதையில் 'நாம்' என்பது யார்? ரீட்டின் சங்கிலி வருவதற்கு முன்னால் இந்தச் சமவெளி எல்லோருக்கும் சொந்தமாகவா இருந்தது? நிலமே இல்லாமல், பண்ணையத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கு அந்நியன் 1792இல்தான் வந்தானா? இதற்கு எங்களிடம் எளிய பதில் இல்லை. பாளையக்காரர்களின் பிடியிலிருந்து சில குடியானவர்களை அந்த அளவைதான் விடுவித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அயலவனைக் காட்டி, வீட்டுக்குள் இருக்கும் அநியாயத்தை மறக்கச் செய்யும் நாவல் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் அது பொய் நாவலே.

இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட நாவல்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. அவற்றின் மேல் அறிவியல் புனைகதை என்ற சீட்டு ஒட்டப்படவில்லை, அவ்வளவே. பெருமாள்முருகனின் முதல் நாவலான 'ஏறுவெயில்' 1991இல் வந்தது. குடியிருப்புக் காலனி கட்டுவதற்காக நிலம் எடுக்கப்பட்டபின், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவக் குடும்பமொன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப்போவதே கதை. நிலத்தோடு உறவும் ஒழுக்கமும் மொழியும் கரைந்துபோகின்றன. அந்தக் குடும்பத்தை நாவல் புனிதப்படுத்துவதும் இல்லை. 2016இல் வந்த 'பூனாச்சி'யிலோ ஆட்டுக்குட்டிக்கும் பதிவு வேண்டும், காது குத்தி எண் மாட்ட வேண்டும் என்று ஓர் அரசு உத்தரவிடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கவும் பயப்படுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது, நாங்கள் தேடிய படையெடுப்பு நாவலின் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்றே தோன்றியது.

*

2018இல் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 277 கிலோமீட்டர் எட்டு வழிச்சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வயல்களில் அளவுக்கற்கள் நடப்பட்டன. சில இடங்களில் உழவர்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். நிலம் எடுக்கும் அறிவிப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் திட்டத்தைத் தொடரலாம் என்றது. சாலை வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அன்று. எங்களை உறுத்தியது வேறு. டக்ளஸ் ஆடம்ஸ் 1979இல் எழுதிய அண்டவெளிப் பயணியின் நகைச்சுவை நாவலில், அண்டவெளிப் புறவழிச்சாலை போடுவதற்காகப் பூமியையே இடித்துவிடுகிறார்கள். வரைபடம் ஐம்பது ஆண்டுகளாக ஆல்பா சென்டாரியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே, ஏன் ஆட்சேபிக்கவில்லை என்றும் கேட்கிறார்கள். உலகமே சிரித்த பகுதி அது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அளவுக்கல்லைக் கட்டிக்கொண்டு அழுத மூதாட்டிகளை வைத்து யோசித்தால், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

பிறரால் முடிந்திருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமானால் சீனத்தைப் பார்க்கலாம். லியூ சிஷின் 2006இல் தொடராக எழுதி, 2008இல் நூலாக வந்த 'மூவுடல் சிக்கல்' நாவல், பண்பாட்டுப் புரட்சியின்போது தந்தையைக் கண்ணெதிரே பறிகொடுத்த ஒரு பெண்ணில் தொடங்குகிறது. மனிதர்மேல் நம்பிக்கை இழந்த அவளே அயலவரை அழைக்கிறாள். ஒரு நாடு தன் சொந்தக் காயத்தைத் தொட்டு எழுதியதால்தான் அந்தப் படையெடுப்பு உலகமெங்கும் நம்பும்படி இருந்தது.

ஆகவே ஓமலூரில் இறங்கட்டும். இராசிபுரத்திலும் இறங்கட்டும். எரிக்காமல், இடிக்காமல், கனிவான குரலில் பேர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவர்களுக்குச் சங்கிலி பிடித்துக் கொடுக்கும் முதல் கை யாருடையது, அப்போது வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலமற்றவன் மனத்தில் என்ன ஓடுகிறது, எண்ணைச் சொல்ல மறுத்து முதலில் உட்காரப்போகும் கிழவி யார் என்பதையெல்லாம் எழுதுவதற்கு இங்கே இளைஞர்கள் இருக்கிறார்கள். ஊரின் மொழியும் தெரியும், கணினியும் தெரியும் அவர்களுக்கு. ஆங்கிலப் படங்களின் வெடிச்சத்தத்தைக் காதிலிருந்து சற்றே இறக்கி வைத்துவிட்டு, ஒருமுறை சங்ககிரி மலையேறி, கீழே சதுரம் சதுரமாகத் தெரியும் வயல்களைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுத உட்கார வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

எழுதி முடித்ததும் எங்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதையே வாசிப்போம்.